கடைக்குள் தண்ணீர் வந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழைக்காலத்துக்கு முன்னால் சிறுதொழில் செய்கிறவர்கள் என்ன தயார் செய்து வைக்க வேண்டும், உங்கள் சந்தேகங்களை எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் ஈக்காட்டுதாங்கலில் இருபது வருடத்துக்கு மேல் லேத் பட்டறை நடத்தியவன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அடையாறு என் பட்டறைக்குள் நெஞ்சளவு வந்தது. அதில் பட்டதையும், அதற்குப் பிறகு அலைந்து கற்றுக்கொண்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, முடிச்சூரில் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து ஆறு பவர் மெஷின் போட்டு தையல் யூனிட் நடத்துகிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றுக்கு ஜாப் ஒர்க். வருஷா வருஷம் ரெட் அலர்ட் என்கிறார்கள், பாதி நாள் வெயில்தான் அடிக்கிறது. எதை நம்பி மெஷினைத் தூக்குவது?

நியாயமான கேள்விம்மா. மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ., சிவப்பு என்றால் 20 செ.மீ.க்கு மேல் மழை என்று கணக்கு. ஆனால் அது மாவட்டம் முழுவதற்கும் சொல்வது, உங்கள் தெருவுக்குச் சொல்வது இல்லை. உங்கள் தெருவுக்கு வேறு கணக்கு இருக்கிறது. 2015 வெள்ளம் என்றால் எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத்தான் சொல்கிறார்கள், ஆனால் செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் வந்து சேருவது உங்களுக்குக் கீழே, திருநீர்மலை பக்கத்தில். முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரித் தண்ணீரும் அன்றைக்குத் தாம்பரத்தில் கொட்டிய 49 செ.மீ. மழையும்தான். அதனால் நீங்கள் டிவியில் செம்பரம்பாக்கம் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. அந்தப் பக்கத்து ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் போகிறதா என்று அங்கே இருக்கிற ஒருவரிடம் போன் போட்டுக் கேளுங்கள். ஏரி நிரம்பியிருக்கும்போது ஆரஞ்சு வந்தாலே தூக்கிவிடுங்கள், சிவப்புக்குக் காத்திருக்க வேண்டாம். ஏரி காலியாக இருக்கிறது, மழை அப்போதுதான் தொடங்குகிறது என்றால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

அப்புறம், 2015இல் அந்தக் கட்டடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று வீட்டுக்காரரிடமோ பக்கத்து வீட்டிலோ கேட்டு, சுவரில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். இது சின்ன வேலைதான், ஆனால் அந்தக் கோடு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் எதை எங்கே வைக்கிறோம் என்பது தானாக மாறிவிடும். பிளக் பாயின்ட்டெல்லாம் கோட்டுக்கு மேலே போகட்டும், அது முடியாத உயரம் என்றால் கீழே இருக்கிற பாயின்ட்டுகளுக்குத் தனி எம்.சி.பி. (கரண்ட்டை நிறுத்துகிற சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். ஒன்றை இறக்கினால் கீழ் லைன் முழுக்க நின்றுவிட வேண்டும்.

பவர் மெஷினில் தலையைத் தூக்குவதா மேஜையைத் தூக்குவதா என்று குழம்ப வேண்டாம். முதலில் சேதமாகிறது மேஜைக்கு அடியில் தொங்குகிற மோட்டார். முழங்காலளவு தண்ணீர் வந்தாலே அது போய்விடும். கிளட்ச் மோட்டார் என்றால் மூன்று போல்ட்டில்தான் நிற்கிறது, ஒரு ஸ்பானர் போதும், பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை இறக்க ஒருவருக்குப் பத்து நிமிடம். புது டைரக்ட் டிரைவ் மெஷின் என்றால் மோட்டார் தலையோடு மேலே இருக்கும், ஆனால் கன்ட்ரோல் பாக்ஸ் கீழேதான். அதையும் கழற்ற வேண்டும். ஆறு மெஷினுக்கு ஒரு மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் நாளில், உங்கள் பெண்களை வைத்தே ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள். துருப்பிடித்து அசையாத போல்ட் எது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மழையில், கரண்ட் இல்லாமல், டார்ச் வெளிச்சத்தில் அது தெரியவந்தால் அழுகைதான் வரும்.

கழற்றிய மோட்டார் எங்கே போகும்? மாடியில் வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். "ரெண்டு நாள் படிக்கட்டு ஓரத்தில் வைத்துக்கொள்ளட்டுமா" என்று ஆவணியில் கேட்டால் சரி என்பார், புயல் ராத்திரியில் அவர் வீட்டுச் சாமானே நகர்ந்துகொண்டிருக்கும்.

இன்னும் ஒன்று, இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. தண்ணீர் முதலில் வாசல் வழியாக வராது, பாத்ரூம் ஓட்டை வழியாகத்தான் பொங்கும். வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், தரை ஓட்டையிலும் கக்கூஸ் பேசினிலும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு அதன் மேல் ஒரு மணல் மூட்டையை வையுங்கள்.

துணி உங்களுடையது இல்லை, கம்பெனியுடையது. நீங்கள் எடுக்கிற இன்சூரன்ஸில் "என் பொறுப்பில் இருக்கும் பிறர் சரக்கு" என்று தனியாக எழுதிச் சேர்க்காவிட்டால் அந்தத் துணிக்கு ஒரு பைசா வராது, கம்பெனியோ உங்கள் கூலியில் பிடிக்கும். டெலிவரி சலான் ஒவ்வொன்றையும் வந்த அன்றே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏரலில் மளிகைக் கடை. 2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளத்தில் சரக்கு முழுக்கப் போயிற்று. பேங்க் கடனோடு எடுத்த இன்சூரன்ஸ் இருந்தது. கேட்டதில் பாதிகூட வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தில் கடையின் பழைய பாலிசி நகலை வைத்திருந்தீர்கள், அதைப் பார்த்தேன். ஏமாற்று என்று சொல்ல முடியவில்லை. ஆனால் யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

பேங்க் தன் கடன் தொகைக்கு மட்டும் பாலிசி போட்டுவிடும். உங்கள் கடையில் 10 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது, பாலிசி 5 லட்சத்துக்கு என்று வையுங்கள். 4 லட்சம் சரக்கு நஷ்டம். நாம் என்ன நினைப்போம், 5 லட்சத்துக்குள்தானே இருக்கிறது, 4 லட்சமும் வந்துவிடும் என்று. வராது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், அதனால் நஷ்டத்திலும் பாதி, 2 லட்சம்தான் என்பார்கள். குறைத்துப் போட்டால் குறைத்துத்தான் வரும். உங்களுக்கு நடந்தது இதுதான். அதுமட்டுமில்லை, உங்கள் பாலிசியில் சரக்கு மட்டும்தான் இருக்கிறது. பிரிட்ஜ், தராசு, ரேக், கல்லா எதுவும் இல்லை. பின்னால் இருக்கிற குடோனின் விலாசமும் இல்லை.

இப்போது 5 கோடி வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்று ஒரே மாதிரியான பாலிசி இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் இதைத் தருகின்றன. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் உள்ளே வரும். மதிப்பை 15 சதவீதம் வரை குறைத்துப் போட்டிருந்தாலும் மேலே சொன்ன வெட்டு கிடையாது. வெள்ளம் வந்து 7 நாளுக்குள் அந்தக் கடையில் திருட்டு நடந்தாலும் அதற்கும் உண்டு. ஷட்டர் உடைந்து கிடந்த கடைகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏஜென்டிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் சரக்கு ஏறும் அல்லவா, அந்த உச்ச மதிப்பை வைத்துத் தொகை போடுங்கள். ஆடி மாதத்துச் சரக்கை வைத்துப் போடாதீர்கள், வெள்ளம் வருவது கார்த்திகை மார்கழியில்தான். பாலிசியை மழைக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள், புயல் சின்னம் உருவான பிறகு போய் நின்றால் பெரும்பாலும் தயங்குவார்கள்.

ஜிஎஸ்டி விஷயம் ஒன்று. அழிந்துபோன சரக்குக்கு நீங்கள் ஏற்கெனவே எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டதை) திருப்பிக் கட்ட வேண்டும், சட்டம் அப்படித்தான் இருக்கிறது. சரக்கும் போய், வரியும் கட்ட வேண்டும். அதனால் காப்பீட்டுத் தொகையை வரியையும் சேர்த்துப் போடுங்கள், கிளெய்ம் போடும்போதும் அந்த வரியைச் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் ஆடிட்டர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கம்பெனி முடிவில் திருப்தி இல்லை என்றால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும் என்ற கெடு உண்டு. உங்களுக்கு அது தாண்டியிருக்கலாம், மற்றவர்கள் குறித்துக்கொள்ளட்டும். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: அம்பத்தூரில் மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின் வைத்திருக்கிறேன். மெஷின்களைத் தூக்க முடியாது. தண்ணீர் வந்து வடிந்த பிறகு எப்படிக் காப்பாற்றுவது?

இதற்கு என் கதையைச் சொல்கிறேன். 2015இல் தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்து, வெயிலும் அடித்தது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், வெளியே நன்றாகக் காய்ந்திருந்தது. ஆர்டர் நிற்கிறதே என்ற பதற்றத்தில் சுவிட்சைப் போடச் சொன்னேன். ஒரு உறுமல், புகை, வார்னிஷ் கருகிய நாற்றம். அது எதனால் என்று யோசிக்காமல் அடுத்ததையும் போட்டேன், அதுவும் போயிற்று. மூன்றாவது மோட்டாரை எங்கள் பட்டறைப் பையன் "வேண்டாம்ண்ணே" என்று கழற்றி, மோட்டாருக்குக் கம்பி புதிதாகச் சுற்றித் தருகிற ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோனான். அவர்கள் திறந்து, கழுவி, அடுப்பில் வைத்துக் காயவைத்து, பேரிங் மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த மோட்டார் இன்றைக்கும் ஓடுகிறது. மற்ற இரண்டுக்கும் ரீவைண்டிங் செலவு, அதைவிட மோசம் என்னவென்றால் சென்னையில் அன்றைக்கு எல்லா ரீவைண்டிங் கடையிலும் மோட்டார்கள் தெருவரை அடுக்கியிருந்தன, வாரக்கணக்கில் காத்திருந்தேன்.

அதனால் நனைந்த மோட்டாருக்கு மெகர் (கரண்ட் கசிகிறதா என்று அளக்கிற மீட்டர்) வைத்துப் பார்க்காமல் கரண்ட் கொடுக்கவே கூடாது. மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சேறு காய்வதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், காய்ந்த சேறு காயிலுக்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். லேத்தின் பெட் கைடுவேயில் (டூல் நகர்கிற வழவழப்பான தடத்தில்) ஒரே ராத்திரியில் துரு ஏறும், முதல் வேலையாக அதைத் துடைத்து, டீசல் விட்டுத் தேய்த்து, ஆயிலோ கிரீஸோ பூசிவிடுங்கள். ஹெட்ஸ்டாக் (லேத்தின் கியர் இருக்கிற பகுதி) ஆயிலைத் திறந்து பாருங்கள், மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, வடித்துவிட்டு இரண்டு தடவை அலசுங்கள். கன்ட்ரோல் பேனல் கார்டுகளில் நீங்கள் கை வைக்க வேண்டாம், சர்வீஸ் ஆள் வரட்டும்.

ஆனால் கழுவும் முன் படம் எடுங்கள். நஷ்டத்தை மதிப்பிடுகிற இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்வரை எதையும் தொடாதே என்பார் ஒருவர், உடனே கழுவு என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் நடுவில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது காப்பீடு எடுத்தவரின் கடமை, பாலிசியிலேயே அது இருக்கிறது. ஒவ்வொரு மெஷினின் பெயர்ப் பலகையும் சீரியல் நம்பரும் சுவரில் தண்ணீர் நின்ற தடமும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி எடுங்கள். "மெஷின் துருப்பிடிக்காமல் இருக்க இன்று கழுவுகிறோம்" என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள். பிறகு கழுவுங்கள். கழற்றிப் போட்ட பழைய பேரிங்கைக்கூட சர்வேயர் பார்க்கும்வரை எடைக்குப் போட வேண்டாம்.

எனக்கு மெஷின் போன நஷ்டத்தைவிட, என்ன போயிற்று என்று காட்ட முடியாமல் போனதுதான் பெரிய அடி. பில் புத்தகம், டூல்ஸ் வாங்கிய ரசீது எல்லாம் மேஜையின் கீழ் டிராயரில் இருந்தன. கார்பைடு டிப், மைக்ரோமீட்டர், போரிங் பார் என்று லட்சக்கணக்கில் சேர்த்திருந்தேன், ஒன்றுக்கும் தாள் இல்லை.

கேள்வி: அப்பாவின் ஹார்ட்வேர் கடைக் கணக்கு முழுக்கக் கடைக் கம்ப்யூட்டரில் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் இருக்கிறது. பேக்கப் பென் டிரைவில் எடுக்கிறேன். போதுமா?

பென் டிரைவ் எங்கே இருக்கிறது தம்பி? கடை மேஜையில் என்றால் அது பேக்கப் இல்லை. வாரம் ஒரு தடவையாவது வீட்டுக்குப் போக வேண்டும், இன்னொரு நகல் உங்கள் மெயிலிலோ டிரைவிலோ இருக்க வேண்டும். மாதம் ஒரு நாள் கடையை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு ரேக்கையும் நிதானமாக வீடியோ எடுத்து அதையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள். அதே இடத்தில் உத்யம் சான்று (சிறுதொழில் பதிவுச் சான்று), ஜிஎஸ்டி சான்று, கடை வாடகை ஒப்பந்தம், பாலிசியின் எல்லாப் பக்கங்களும் இருக்கட்டும்.

அப்பாவிடம் பழைய கணக்கு நோட்டு இருந்து நனைந்துபோனால் பக்கங்களைப் பிரித்துப் பார்க்காதீர்கள், கிழியும். பிளாஸ்டிக் பையில் போட்டு பிரீசரில் வைத்தால் பூஞ்சை பிடிக்காமல் நிற்கும், பிறகு மெதுவாகக் காற்றாட வைத்துக் காயப்போடலாம். கல்லாவில் நனைந்த ரூபாய் நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். நிழலில் உலர்த்திக் கொண்டுபோனால் எந்த பேங்க்கிலும் மாற்றித் தர வேண்டும்.

கேள்வி: வேதாரண்யத்தில் டீக்கடை. கஜா புயலில் கூரை போயிற்று. இன்னொரு புயல் வந்தால் என்னைப் போன்ற சின்னக் கடைக்கு என்னதான் செய்ய முடியும்?

2018 நவம்பர் 16 விடியலில் உங்கள் ஊர் பட்டதை நேரில் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு வெள்ளத்தைவிடக் காற்றுதான் எதிரி. தகர ஷீட்டை ஆணி அடித்து நிறுத்தியிருந்தால் காற்று பிடுங்கிவிடும், ஜே போல்ட் (கொக்கி மாதிரி வளைந்த போல்ட்) போட்டு வாஷரோடு முடுக்குங்கள். ஓரத்து வரிசையில் போல்ட்டை நெருக்கிப் போட வேண்டும், கிழிய ஆரம்பிப்பது அங்கிருந்துதான். பிளெக்ஸ் போர்டை முந்தின நாளே இறக்குங்கள். சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, தூணோடு சங்கிலியால் கட்டுங்கள்.

அப்புறம் கரண்ட். கஜாவுக்குப் பிறகு சில ஊர்களில் வாரக்கணக்கில் வரவில்லை. டவர் போனால் யுபிஐயும் போகும், அதனால் சில்லறையாக ஒரு தொகை கையில் இருக்கட்டும். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் கடைக்குள் வைத்து ஓட்டாதீர்கள், புகையில் மயங்கி உயிர் போகும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. கடைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், டீ குடிக்க வருகிறவர்களுக்கும் உதவும்.

கேள்வி: கிண்டியில் பதினெட்டுப் பேர் வேலை செய்கிற சின்ன யூனிட். கனமழை நாளில் ஆட்களைக் கூப்பிட்டுச் சாமான்களை ஏற்றச் சொல்லலாமா?

மழை தொடங்கிய பிறகு கூடாது. ஏற்றுகிற வேலை முந்தின நாள் சாயங்காலத்துக்குள் முடிந்திருக்க வேண்டும், முடியாமல் எது விட்டுப்போனதோ அது போனது போனதுதான். 2015இல் தண்ணீர் வந்த ராத்திரி எங்கள் பையன் ஒருவன் போன் போட்டு "அண்ணே, இடுப்பளவுதான் இருக்கு, நான் போய் மெயினை ஆஃப் பண்ணிட்டு வர்றேன்" என்றான். கத்தி நிறுத்தினேன். உள்ளே லைன் உயிரோடு இருந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது. அதன் பிறகு போன் எல்லாம் செத்துவிட்டது. மெயினை இறக்குவது கடையைப் பூட்டும்போதே நடக்க வேண்டிய வேலை, அலர்ட் இருக்கிற வாரம் முழுக்க.

அந்த நாட்களுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த புயலுக்கு லீவு என்றாலும் தண்ணீரில் நீந்தி வருவார்கள்.

பதினெட்டுப் பேருடைய வீட்டு விலாசத்தையும், சொந்த ஊரில் ஒருவருடைய நம்பரையும் தாளில் எழுதி உங்கள் வீட்டில் வையுங்கள், வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம். என்னிடம் எல்லாம் செல்போனில் இருந்தது, அது நனைந்துவிட்டது. எங்கள் ஆட்களில் ஒருவர் ஜாஃபர்கான்பேட்டையில் எங்கேயோ குடியிருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். நான்காம் தேதி தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டே போய், ஒரு பள்ளிக்கூட முகாமில் மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். மூன்று நாளாக அவருடைய அம்மாவுக்கு ஊரில் தகவலே போகவில்லை.